பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதற்கு முன்: ஒரு ஆர்.எக்ஸ்-8 சொல்லித் தந்தவை

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவின் மகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கட்டாரில் நான்கு வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, “மாமா, இதைப் பாருங்கோ” என்றான்.

சிவப்பு நிறக் கார். பார்த்தால் இரண்டு கதவுதான் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் பின்னால் சிறிய கதவு ஒன்று ஒளிந்திருந்து எதிர்ப்பக்கமாகத் திறக்கும். மஸ்டா ஆர்.எக்ஸ்-8. 2004ஆம் ஆண்டுத் தயாரிப்பு.

“புதுசா வந்த நேரம் இது என்ன விலை வித்தது! இப்ப கேக்கிற விலையைப் பாருங்கோ.”

“ஏன் இந்த விலைக்குக் குடுக்கினம் எண்டு யோசிச்சுப் பார்த்தியோ?” என்று கேட்டேன். அவன் பேசாமல் இருந்தான்.

அவனுக்கு வேண்டாம் என்று ஒரு சொல்லில் சொல்ல என்னால் முடியவில்லை. 2009இல் தகப்பன் இல்லாமற் போனபோது அவனுக்கு வயது பதினொன்று. முகாமிலிருந்து வெளியே வந்தபோது அவனிடம் மிஞ்சியிருந்த ஒரே கொப்பியின் மட்டையில் ஒரு சிவப்புக் காரின் படம் ஒட்டியிருந்தது. ஒரு பிள்ளை பதினைந்து வருடம் மனதில் வைத்திருந்த ஆசையை ஏளனம் செய்ய எனக்கு உரிமையில்லை. ஆனால் அதே நேரத்தில், அக்காவின் வீடு இன்னமும் பூச்சுப் பூசாமல் கல்லுத் தெரிய நின்றது. அவன் கொண்டுவந்த பணம் நான்கு வருட வெயிலில் சேர்த்த பணம். அது ஒரு முறைதான் வரும்.

ஆகவே, “வாங்கலாம். ஆனால் நான் சொல்லுற மாதிரிப் பார்த்து வாங்குவம்” என்றேன். அன்றிலிருந்து இன்றுவரை நடந்தவற்றையும் நான் அறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் அனுப்பும் காசிலோ, நகையை அடகு வைத்தோ, லீசிங் எடுத்தோ பழைய வாகனம் வாங்க நினைக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன். காரின் பெயர் வேறாக இருக்கலாம். கணக்கு ஒன்றுதான்.

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

என்னுடைய அப்பா ஒஸ்ரின் ஏ-40 கார் ஒன்றை வாடகைக்கு ஓடியவர். 1990களில் பொருளாதாரத் தடை வந்து குடாநாட்டுக்குப் பெற்றோல் வராமல் நின்றபோது அந்தக் காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பிளக்குகள் கரி பிடித்து அடைக்கும். கழற்றி, அரத்தாளால் தேய்த்து, திரும்பப் பூட்டுவார். எத்தனையோ நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் அந்தக் கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்தக் காலத்தை வாழ்ந்தவர்களுக்கு இது தெரியும். கிடைத்ததைக் கொண்டு சமாளிப்பது எங்கள் கைத்தொழிலாகவே ஆகிவிட்டது. கம்பி கட்டி, ரியூப் வெட்டி ஒட்டி, வேறு வாகனத்தின் சாமானைத் தட்டிப் பொருத்தி ஓடவைப்போம். அந்தத் திறமையை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டேன். அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

ஆனால் சமாளிப்பதைப் பொறுத்துக்கொள்ளும் இயந்திரமும் உண்டு, பொறுத்துக்கொள்ளாத இயந்திரமும் உண்டு. ஏ-40 முதலாவது வகை. ஆர்.எக்ஸ்-8 இரண்டாவது வகை. நான் பின்னாளில் கொழும்பில் ஒரு கராஜில் பதினொரு வருடம் வேலை செய்தபோது இந்தக் கார்கள் சில கைக்கு வந்தன. பிரித்துப் பார்த்த எஞ்சின்களில் பல, இயற்கையாகத் தேய்ந்து போனவை அல்ல. யாரோ ஒருவர் “பிறகு பார்ப்பம்” என்று விட்டதால் போனவை.

இந்த எஞ்சினில் என்ன வித்தியாசம்?

வழமையான எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். ஆர்.எக்ஸ்-8இல் பிஸ்டன் இல்லை, வால்வும் இல்லை. நிலக்கடலைக் கோதின் வடிவில் ஒரு கூடு. அதற்குள் மூன்று மூலை கொண்ட ஒரு றோட்டர் சுற்றுகிறது. அப்படி இரண்டு றோட்டர்கள் உண்டு. றோட்டரின் மூன்று பக்கங்களும் மாறி மாறிக் காற்றையும் பெற்றோலையும் உறிஞ்சி, அமுக்கி, எரித்து, புகையை வெளியே தள்ளுகின்றன. உதறல் இல்லாமல், தையல் மெஷின் போல ஓடும். ஆறு கியர் உள்ள கூடிய சக்தி கொண்ட வகை 9000 சுற்றுவரை ஏறும். 2003இல் உலகின் சிறந்த எஞ்சின் என்ற விருதும் இதற்குக் கிடைத்தது.

பிரச்சினை அந்த மூன்று மூலைகளில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மூலையிலும் ஒரு மெல்லிய சீல் உண்டு. அது கூட்டின் சுவரை உரசிக்கொண்டே ஓடவேண்டும். காற்றை அடைத்து வைத்திருப்பது அதுதான். சீல் தேய்ந்தால் அமுக்கம் போய்விடும். அமுக்கம் போனால் எஞ்சின் போய்விடும்.

இது இன்று கண்டுபிடித்த குறை அல்ல. ஜேர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனம் 1967இல் இதே வகை எஞ்சினோடு ஆர்.ஓ-80 என்ற காரை விற்றது. சீல்கள் தேய்ந்து, விற்ற கார்களுக்கெல்லாம் எஞ்சின் மாற்றிக் கொடுத்தே அந்த நிறுவனம் நொடிந்தது. 1969இல் அது வொக்ஸ்வாகனின் கீழ் போய்ச் சேர்ந்தது. மஸ்டாவின் பொறியியலாளர்கள் மட்டும் விடவில்லை. அவர்களின் ஆரம்பகால எஞ்சின்களில் கூட்டின் உட்சுவரில் அலை அலையாகக் கீறல் விழுந்தது. அதைப் பிசாசின் நகக்கீறல் என்று அவர்களே பெயர் வைத்தார்கள். சீலின் உலோகத்தை மாற்றி மாற்றிப் பார்த்து அதைச் சரிசெய்தார்கள். 1991இல் பிரான்சின் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தில் றோட்டரி எஞ்சின் கொண்ட மஸ்டா கார் வென்றது.

இந்த நிறுவனம் ஹிரோஷிமாவைச் சேர்ந்தது என்பது எங்கள் வாசகர்கள் அறியவேண்டிய ஒன்று. 1945 ஆகஸ்ட் 6ஆம் திகதி குண்டு விழுந்தபோது, இடையில் ஒரு சிறு குன்று இருந்ததால் தொழிற்சாலை முழுதாக அழியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மூன்று சக்கர லொறிகளை மீண்டும் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அழிந்த ஊரிலிருந்து எழுந்தவர்கள் செய்த கார் என்பதில் எனக்கு அதன்மேல் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் மதிப்பு வேறு, கணக்கு வேறு. ஆர்.எக்ஸ்-8இன் எஞ்சின்கள் பற்றி முறைப்பாடுகள் கூடியபோது, அமெரிக்காவில் விற்ற 2004 முதல் 2008 வரையான மாதிரிகளுக்கு எஞ்சின் உத்தரவாதத்தை அந்த நிறுவனமே 8 வருடம் அல்லது 100,000 மைல் என்று நீடித்தது. செய்தவர்களே ஒத்துக்கொண்ட பலவீனம் இது. அந்த உத்தரவாதக் காலங்களும் முடிந்து வெகுநாள். இன்று வாங்குபவருக்கு அவருடைய பணப்பைதான் உத்தரவாதம்.

1308 என்ற எண்ணில் ஏமாறாதீர்கள்

பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் அளவு 1308 சி.சி. என்று இருக்கும். “1300 கார்தானே, பெற்றோல் குறைவாத்தான் குடிக்கும்” என்று மருமகனும் நினைத்திருந்தான். அது தவறு. ஒரு றோட்டருக்கு 654 என்று இரண்டைக் கூட்டி வரும் எண் அது. ஆனால் றோட்டரி எஞ்சின் அந்த அளவைப் பிஸ்டன் எஞ்சினை விட அடிக்கடி நிரப்பி எரிக்கிறது. நடைமுறையில் 2600 சி.சி. கார் ஒன்று குடிக்கும் பெற்றோலை இது குடிக்கும். நீண்ட வீதியில் லீற்றருக்கு 8 அல்லது 9 கிலோமீற்றர் கிடைத்தால் நல்லது. பட்டணத்துக்குள் அதைவிடக் குறையும். 2022இல் கியூ.ஆர். அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் தந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அந்த 20 லீற்றரில் இந்தக் காரால் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குப் போகலாம். திரும்பி வரமுடியாது.

ஒயிலும் அப்படித்தான். சீல்கள் வழுக்கி ஓடுவதற்காக இந்த எஞ்சின் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஒயிலை உள்ளே விட்டு எரிக்கும். அது பழுது அல்ல. அதன் அமைப்பே அது. 1500 முதல் 2500 கிலோமீற்றருக்குள் ஒரு லீற்றர் ஒயில் குறையும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். “என்ர கார் ஒரு சொட்டு ஒயிலும் குடிக்காது” என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் அதுதான் பயப்படவேண்டிய கார்.

முதலாவது கார்

படத்தில் பார்த்த சிவப்புக் காரைப் பார்க்கக் கொழும்புக்குப் போனோம். போகமுன்னர் விற்பவருக்கு ஒன்றைச் சொல்லியிருந்தேன்: “நாங்கள் வரும்வரைக்கும் காரை ஸ்ராட் பண்ணவேண்டாம்.” போனதும் முதல் வேலையாக பொனற்றில் கை வைத்துப் பார்த்தேன். குளிராக இருந்தது. நல்லது.

குளிரில் உடனே ஸ்ராட் ஆனது. மருமகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். இருபது நிமிடம் ஓடினோம். சத்தமும் இழுவையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வந்து எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு தேத்தண்ணி குடிப்போம் என்று பக்கத்துக் கடைக்குப் போனோம். பத்து நிமிடம் கழித்து வந்து திறப்பைத் திருப்பினேன். ஸ்ராட்டர் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் கஷ்டப்பட்டுப் பிடித்தது.

“பற்றரி கொஞ்சம் வீக்” என்றார் விற்பவர்.

றோட்டரி எஞ்சின் பற்றி வேறொன்றும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வையுங்கள்: தேய்ந்த எஞ்சின் குளிரில் ஸ்ராட் ஆகும், சூட்டில் மறுக்கும். சூடான ஒயில் மெலிதாகிவிடும். மெலிந்த ஒயிலால் தேய்ந்த சீல்களின் இடைவெளியை அடைக்க முடியாது. அதனால்தான் சூடாக்கி, நிறுத்தி, சிறிது நேரம் கழித்துத் திரும்ப ஸ்ராட் பண்ணிப் பார்க்கவேண்டும். வேகமாகச் சுற்றும் புது ஸ்ராட்டரைப் பூட்டி இந்தக் குறையை மறைப்பவர்களும் உண்டு. ஆகவே ஸ்ராட் ஆவதை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது. அமுக்கத்தை அளந்தே பார்க்கவேண்டும்.

அமுக்கம் அளக்கும்போது ஒரு கவனம் தேவை. எங்கள் கராஜ்களில் இருக்கும் சாதாரண அமுக்கமானி ஒரு றோட்டரின் மூன்று பக்கங்களில் மிகக் கூடியதை மட்டும்தான் காட்டும். ஒரு பக்கம் செத்திருந்தாலும் மற்றப் பக்கம் அதை மறைத்துவிடும். மூன்று பக்கங்களையும் தனித்தனியாக அளக்கும் றோட்டரிக்கான கருவி தேவை. கொழும்பில் அது வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். எஞ்சின் சூடாக இருக்கும்போது, 250 சுற்றுக்குக் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். நிறுவனத்தின் அளவுப்படி நல்ல எஞ்சினுக்கு 8.5, குறைந்தது 6.9 இருக்கவேண்டும். ஒரே றோட்டரின் பக்கங்களுக்கிடையே வித்தியாசம் 1.5ஐத் தாண்டக்கூடாது. இரண்டு றோட்டர்களுக்கிடையே 1.0ஐத் தாண்டக்கூடாது.

சிவப்புக் காரின் முன் றோட்டர் 6.1, 6.0, 5.2 என்று காட்டியது.

“இனி என்ன மாமா?”

“இனி வீட்டை போவம்.”

அளந்து பார்த்ததற்கு அவனுக்குச் செலவானது ஒரு சிறு தொகை. அளக்காமல் வாங்கியிருந்தால் சில மாதங்களில் எஞ்சினை இறக்கிப் பிரித்துக் கட்டவேண்டி வந்திருக்கும். காரின் விலையில் பெரும்பகுதியை அது விழுங்கும். பஸ்ஸில் வரும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு யன்னலால் வெளியே பார்த்தபடி இருந்தான். நானும் ஒன்றும் கதைக்கவில்லை.

இரண்டாவது கார்

மூன்று மாதம் கழித்து நீர்கொழும்புப் பக்கம் ஒரு சாம்பல் நிறக் கார் இருப்பதாக அறிந்தோம். 2006ஆம் ஆண்டுத் தயாரிப்பு. சிவப்புக் காரை விட விலை கூட. நிறமும் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கார்க்காரர் எங்களுக்குக் காட்டிய முதலாவது பொருள் கார் அல்ல, ஒரு கொப்பி. எந்தத் திகதியில் எந்த மீற்றர் கணக்கில் எவ்வளவு ஒயில் விட்டார், எப்போது பிளக் மாற்றினார் என்று ஐந்து வருடமாக எழுதி வைத்திருந்தார். பின்பெட்டியில் அரைப் போத்தல் ஒயில் இருந்தது. ஒரு காரைப் பற்றி அதன் சொந்தக்காரரின் கொப்பி சொல்வதை வேறு எவரும் சொல்லமாட்டார்கள்.

அமுக்கம்: முன் றோட்டர் 7.6, 7.7, 7.5. பின் றோட்டர் 7.4, 7.5, 7.3. புதிது அல்ல. ஆனால் ஆறு பக்கமும் ஒத்துப்போகிறது.

கடதாசிகளையும் அதே கவனத்தோடு பார்த்தோம். புத்தகத்தில் பதிவுசெய்த உரிமையாளர் வேறு, முழு உரிமையாளர் வேறாக இருந்தால், லீசிங் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். நிதி நிறுவனத்திடமிருந்து விடுவிப்புக் கடிதம் வராமல் ஒரு ரூபாவும் கொடுக்கவேண்டாம். ஜப்பானிலிருந்து வந்த ஆர்.எக்ஸ்-8இன் செசி இலக்கம் எஸ்.இ.3.பி. என்று தொடங்கும். காரில் அடித்திருப்பதும் புத்தகத்தில் உள்ளதும் ஒன்றா என்று இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். இந்தக் கார்களில் சிலவற்றுக்கு வேறு எஞ்சின் பூட்டியிருப்பார்கள். அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்கவேண்டும். கையெழுத்து மட்டும் வைத்து, பெயர் நிரப்பாத மாற்றுப் படிவத்தோடு கைமாறி வரும் வாகனங்கள் எங்கள் பக்கம் நிறைய. நாளைக்கு ஒரு விபத்தோ விசாரணையோ வந்தால், அந்தக் கடதாசி என்ன பாடு படுத்தும் என்பதைச் சோதனைச் சாவடிகளில் நின்று பழகிய எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. வாங்கிய உடனே பெயரை மாற்றுங்கள்.

காசைக் கொடுக்குமுன் மருமகனோடு ஒரு ஒப்பந்தம் செய்தேன். கட்டாரிலிருந்து கொண்டுவந்த பணத்தை மூன்றாகப் பிரிப்பது. ஒரு பங்கில் அக்காவின் வீட்டுக்குப் பூச்சு. ஒரு பங்கில் கார். ஒரு பங்கு பாங்கில் கிடக்கும். அது காரின் எஞ்சினுக்கு. கார் பழுதாகாத ஒவ்வொரு மாதமும் அது அவனுடைய சேமிப்பு. கார் பங்கில் காசு போதாவிட்டால் கார் வேண்டாம், லீசிங் எடுத்து இந்தக் காரை வாங்கக்கூடாது. ஏனென்றால் எஞ்சின் போன காருக்கும் தவணை கட்டவேண்டும். கட்டாவிட்டால் காரைத் தூக்குவார்கள். கார் போய், காசும் போய், கடன் மட்டும் நிற்கும். எங்கள் ஊர்களில் எத்தனை வீட்டு முற்றத்தில் இது நடந்திருக்கிறது!

வைத்திருப்பது எப்படி?

ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடி, ஏ-9 வீதியால் கார் ஊருக்கு வந்தது. வவுனியாவில் நிறுத்தி ஒயில் கோலை இழுத்துப் பார்த்தோம். அன்று தொடங்கிய பழக்கம் இது. இரண்டு தரம் பெற்றோல் அடித்தால் ஒரு தரம் ஒயில் பார்ப்பது.

மற்றவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

கொயில்கள்: நான்கு பிளக், நான்கு கொயில். கொயில்தான் இந்தக் காரை மெதுவாகக் கொல்லும் விஷம். ஒன்று பலவீனமானால் எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய், அங்குள்ள புகைவடிகட்டியில் எரிந்து அதை உருக்கி அடைக்கும். அடைத்த சூடு திரும்பி எஞ்சினுக்குள் வரும், சீல்கள் போகும். ஆகவே 50,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம் நான்கையும் மாற்றிவிடுங்கள். எஞ்சின் துள்ளினால் அன்றைக்கே நிறுத்திப் பாருங்கள். பிளக்குகள் இரண்டு வகை. மேல் பிளக்கும் கீழ் பிளக்கும் ஒன்றல்ல. மாற்றிப் பூட்டக்கூடாது.

தண்ணீர்: யாழ்ப்பாணத்தில் றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணி விடுவது எல்லோருக்கும் பழக்கம். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது றேடியேற்றருக்குள்ளும் படியும். ஏ-40 அதைத் தாங்கியது. இந்தக் கார் தாங்காது. ஒரே ஒரு தரம் கடுமையாகச் சூடேறினாலே கூடு வளைந்து, தண்ணீர் சீல்கள் விட்டு, எஞ்சின் முடிந்துவிடும். முறையான கூலன்ற் மட்டும் பாவியுங்கள். இன்னொன்று, இந்தக் காரின் சூட்டு முள்ளை நம்பாதீர்கள். பெரும்பாலான நேரம் அது நடுவிலேயே நிற்கும். அது ஏறுவதை நீங்கள் காணும்போது காலம் கடந்திருக்கும். முள் நடுவைத் தாண்டினால் “வீடு கிட்டத்தானே” என்று ஓடாமல் உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

வேகம்: பழைய கார் என்று பொத்திப் பொத்தி ஓடினாலும் இந்த எஞ்சினில் கரி படியும். நன்றாகச் சூடேறியபின் இடைக்கிடை உயர்ந்த சுற்றுக்கு ஏற்றவேண்டும். அதற்காக வீதியில் பறக்கத் தேவையில்லை. ஆறு கியர் வகையில் முதல் கியரிலேயே 9000 சுற்றுக்கு ஏற்றினால் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீற்றர்தான் வரும். ஊருக்கு வெளியே காருக்குச் சட்டம் அனுமதிக்கும் 70ஐ அது தாண்டாது.

நான் விட்ட பிழை

இவ்வளவும் தெரிந்த நானே ஒரு பிழை விட்டேன். மார்கழி மழை. ஒழுங்கையில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. மருமகன் வேலைக்குப் போயிருந்தான். முற்றத்தில் நின்ற காரைக் கொஞ்சம் மேடான இடத்துக்கு எடுத்துவிடுவோம் என்று ஸ்ராட் பண்ணி, பத்து யார் நகர்த்தி, நிறுத்திவிட்டுத் திறப்போடு உள்ளே போய்விட்டேன். வேறு எந்தக் காருக்கும் அது ஒரு குற்றமே அல்ல.

அடுத்த நாள் கார் ஸ்ராட் ஆகவில்லை. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதலாகப் பெற்றோல் போகும். சூடேறுமுன் நிறுத்தினால் அந்தப் பெற்றோல் உள்ளே தங்கி, சீல்களின் மேலிருந்த ஒயிலைக் கழுவிவிடும். ஒயில் இல்லாவிட்டால் அமுக்கம் இல்லை. எஞ்சின் வெள்ளத்தில் மூழ்கியதுபோல ஆகிவிடும். வெளியே வெள்ளம் வராமல் காப்பாற்றப் போய், உள்ளே வெள்ளத்தை ஏற்படுத்திவிட்டேன்.

மருமகன் முகம் வெளிறிப்போய் நின்றான். “எஞ்சின் போட்டுதோ மாமா?”

போகவில்லை. நான்கு பிளக்கையும் கழற்றிக் காயவைத்தோம். அக்சிலேற்றரைக் கடைசிவரை அமத்திப் பிடித்துக்கொண்டு ஸ்ராட்டரைச் சுற்றினால் பெற்றோல் வருவது நிற்கும், உள்ளே கிடப்பது வெளியேறும். பற்றரியை முழுதாகச் சார்ஜ் பண்ணி, பிளக்கைத் திரும்பப் பூட்டி, மத்தியானம் அளவில் வெள்ளைப் புகையோடு பிடித்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு: ஸ்ராட் பண்ணினால் சூட்டு முள் நடுவுக்கு வரும்வரை நிறுத்தக்கூடாது. நகர்த்த மட்டும்தான் வேண்டுமென்றால் தள்ளவேண்டும். 1300 கிலோக் கார்தான், மூன்று பேர் போதும்.

யார் வாங்கலாம், யார் வாங்கக்கூடாது?

வீட்டில் இருக்கும் ஒரே வாகனமாக இது இருக்கப்போகிறதென்றால் வாங்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் கட்டாயம் ஓடவேண்டிய வாகனம் இரவு இரண்டு மணிக்கும் ஸ்ராட் ஆகவேண்டும், ஊர்க் கராஜில் திருத்தக்கூடியதாக இருக்கவேண்டும். இதன் சாமான்களுக்குப் பஞ்சிகாவத்தையில் அலையவேண்டும், அல்லது ஜப்பானிலிருந்து வரும்வரை காத்திருக்கவேண்டும். 2012இல் உற்பத்தியை நிறுத்திவிட்ட கார் இது. வருடம் போகப் போகச் சாமான் குறையுமே தவிரக் கூடாது.

வாங்கும் விலைக்கு வெளியே ஒரு எஞ்சினின் செலவு உங்கள் கையில் இல்லையென்றாலும் வாங்காதீர்கள். இந்தக் காரின் உண்மையான விலை, விளம்பரத்தில் இருக்கும் விலையும் ஒரு எஞ்சினின் விலையும் சேர்ந்தது. அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்தும் ஆசை மிச்சமிருந்தால், அளந்து, கடதாசி பார்த்து, கொப்பி வைத்திருக்கும் சொந்தக்காரரிடம் வாங்குங்கள்.

நான் சொல்ல விரும்பியது இவ்வளவுதான். இல்லாமையில் சமாளிக்கக் கற்றுக்கொண்டது எங்கள் தலைமுறையின் பலம். ஆனால் இருக்கும்போதும் அதே பழக்கத்தில் “பிறகு பார்ப்பம், ஓடும்வரை ஓடட்டும்” என்று விடுவது பலம் அல்ல. தடைக்காலத்தில் எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று பார்த்து வாங்கவும், நேரத்துக்குப் பராமரிக்கவும், அளவுக்குமேல் கடன்படாமல் இருக்கவும் எங்களுக்கு வழி இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டியது இப்போது அதைத்தான்.

அக்காவின் வீட்டுச் சுவர் பூசியாகிவிட்டது. மருமகன் வேலைக்கு மோட்டார் சைக்கிளில்தான் போகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுத்து, தாயை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவான். அக்காவுக்கு அந்தப் பின்கதவு எப்படித் திறப்பது என்று இன்னமும் பிடிபடவில்லை. அவர் முன்சீற்றில்தான் இருப்பார். கார்க்காரர் கொடுத்த பழைய கொப்பி முடிந்து, அவன் புதுக் கொப்பி ஒன்று தொடங்கியிருக்கிறான். போன கிழமை எட்டிப் பார்த்தேன். கடைசி வரியில் திகதியும் மீற்றர் கணக்கும் எழுதி, “ஒயில் அரை லீற்றர்” என்று இருந்தது.